மயிலின் போர்வையும் கூலியின் கம்பளியும்

1

பழனி மலைகளில் யார் எதை உடுத்தினார்கள், போர்த்தினார்கள் என்பது பற்றித் தமிழில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய செய்திகளுள் ஒன்று ஒரு மயிலைப் பற்றியது. அன்று பொதினி என்று அறியப்பட்ட பழனிப் பகுதியை ஆண்ட வையாவிக் கோப்பெரும் பேகன், குளிரில் மயில் நடுங்குவதாக எண்ணித் தன் போர்வையை அதற்குக் கொடுத்தான். சிறுபாணாற்றுப்படை அவனை ஏழு வள்ளல்களில் ஒருவனாக நிறுத்துவது இதைச் சொல்லித்தான். பள்ளியில் இதை ஈகைக்கு உதாரணமாகப் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம். புறநானூற்றில் பரணர் சொல்வது இன்னும் நுட்பமானது. மயில் உடுக்காது, போர்த்திக்கொள்ளாது என்று தெரிந்திருந்தும் பேகன் கொடுத்தான் என்கிறார் அவர்.

பரணர் இதைப் புகழாகவே சொல்கிறார். எனக்கு இதில் வேறொன்று தெரிகிறது. போர்வைக்குப் பழகிய உடம்பு, இன்னோர் உடம்பின் அசைவைப் பார்த்ததும் அதைத் தன் குளிராக மொழிபெயர்த்துக்கொள்கிறது. மயிலுக்கு இறகு இருக்கிறது என்பது அறிவுக்குத் தெரியும். ஆனால் கை அறிவைக் கேட்டுக்கொண்டு நீளுவதில்லை. வளர்ந்த விதத்தைக் கேட்டுக்கொண்டு நீளுகிறது. இதே பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து கிடந்ததையும், பரணர், கபிலர் முதலிய புலவர்கள் பரிசில் வேண்டாம், அவளிடம் திரும்பிப் போ என்று அவனைக் கேட்டதையும் அடுத்தடுத்த புறப்பாட்டுக்களில் பார்க்கிறோம். மயிலின் நடுக்கம் தெரிந்த கண்ணுக்கு வீட்டிலிருந்தவளின் நடுக்கம் தெரியவில்லை. யாருடைய குளிர் கண்ணில் படும், யாருடையது படாது என்ற இந்த விஷயம் இந்த மலைகளின் பிந்திய சரித்திரத்துக்கும் பொருந்துகிறது.

உடையைத் தட்பவெப்பத்தின் விளைவாகச் சொல்வது நம்மிடையே ஊறிப்போன வழக்கம். குளிர்நாட்டில் கம்பளி, வெப்பநாட்டில் பருத்தி என்று குழந்தைகளுக்குச் சொல்லித்தருகிறோம். வீட்டுக்குள்ளும் கல்யாணத்திலும் உடுத்துவதற்கு மரபு, அந்தஸ்து, அலங்காரம் எல்லாம் காரணமாகலாம். ஆனால் வெட்டவெளியில் மழையிலும் முள்ளிலும் நிற்கிறவன், உடம்புக்கு எது உதவுமோ அதைத்தான் உடுத்துவான், அங்கே பிரயோஜனம் ஒன்றே அளவுகோல் என்று நினைத்துக்கொள்கிறோம். இந்த எண்ணத்தைப் பழனி மலைகளை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். ஒரே சரிவு, ஒரே மழை. கடந்த 200 வருஷங்களில் அதில் ஏறி இறங்கியவர்கள் ஒருவரைப் போல் ஒருவர் உடுத்தவில்லை. அவரவர் உடைதான் உசிதமானது என்று ஒவ்வொருவரும் நிச்சயமாக இருந்திருக்கிறார்கள்.

2

கொடைக்கானல் நோய்க்குப் பயந்து பிறந்த ஊர். 1821இல் லெப்டினன்ட் வார்டு இம்மலைகளில் ஏறி அளவெடுத்தார். 1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன்காரர்கள், சமவெளியின் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தங்களில் பலரைப் பறிகொடுத்தபின் உயரமான இடம் தேடினார்கள். முதலில் சிறுமலையை முயன்றார்கள். அங்கும் காய்ச்சல் விடவில்லை. 1845இல் சன்னிசைடு, ஷெல்டன் என்ற இரண்டு வீடுகள் கொடைக்கானலில் எழுந்தன. 1863இல் கலெக்டர் லெவிஞ்ச் ஓடையைத் தடுத்து ஏரியை உண்டாக்கினார். 1901இல் மிஷன் குழந்தைகளுக்கான பள்ளிக்கூடம் வந்தது.

இவர்களும் இந்தியாவிலிருந்த மற்ற வெள்ளைக்காரர்களும் வெளியில் இறங்கும்போது அணிந்தவை, இன்று பார்த்தால் உடை என்பதைவிடக் கவசம் என்றே சொல்லத்தக்கவை. தலையில் நெட்டித் தொப்பி. வயிற்றைச் சுற்றி ஃபிளானல் பட்டை. வயிறு குளிர்ந்தால் காலரா வரும் என்று நம்பி ராணுவமே அதைக் கட்டச் சொன்னது. முதுகெலும்பில் வெயில் படாமலிருக்கச் சட்டையின் பின்புறம் தைத்த பஞ்சுத் திண்டு. இவற்றில் தொப்பிதான் நீண்டநாள் நிலைத்தது. தஞ்சாவூரில் கோபுர மாதிரிகள் செய்கிறார்களே, அதே நெட்டிதான். வங்காளத்தில் அதற்கு ஷோலா என்று பெயர். அதிலிருந்து வந்த சோலா தொப்பி என்ற பெயரை ஆங்கிலேயர்களே பலர் சூரியனோடு சம்பந்தப்பட்ட சொல்லாக மாற்றி எழுதினார்கள். எழுத்துப்பிழை தற்செயலானதல்ல. பயம் அந்தத் திசையில் இருந்தது.

பயத்துக்கு விஞ்ஞானத்தின் துணையும் கிடைத்தது. 1905இல் சார்லஸ் உட்ரஃப் என்ற அமெரிக்க ராணுவ வைத்தியர், வெப்பமண்டல ஒளி வெள்ளையரின் நரம்பு மண்டலத்தைக் குலைக்கிறது என்று ஒரு புத்தகமே எழுதினார். வெப்பத்தைவிட ஒளியின் கண்ணுக்குத் தெரியாத கதிர்கள்தாம் ஆபத்து என்பது வாதம். அமெரிக்க ராணுவம் இதை நம்பி, பிலிப்பைன்ஸில் இருந்த சிப்பாய்களுக்கு ஆரஞ்சுச் சிவப்பு நிற உள்ளாடை கொடுத்துப் பரீட்சித்துப் பார்த்தது. பயன் ஒன்றும் தெரியவில்லை. இருந்தும் நம்பிக்கை கலையவில்லை. காரணம், அது புத்தகத்திலிருந்து வந்த நம்பிக்கையல்ல, குழந்தைப்பருவத்திலிருந்து வந்தது. நெருப்பைத் தொடாதே என்பதற்கு இணையான கட்டளையாக, தொப்பியில்லாமல் வாசலைத் தாண்டாதே என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் அவர்கள். மூடுபனி தரையைத் தொட்டுக்கொண்டு நகரும் 2,100 மீட்டர் உயரத்திலும் தொப்பி தலையைவிட்டு இறங்காததற்கு வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

இரண்டாம் உலக யுத்தத்தில் பர்மாக் காடுகளில் லட்சக்கணக்கான சிப்பாய்கள் சாதாரணத் துணித் தொப்பியோடு நடந்தார்கள். யாருக்கும் மூளை கலங்கவில்லை. சில வருஷங்களுக்குள் நெட்டித் தொப்பி வழக்கொழிந்தது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு அனுபவ அறிவு என்றும் மருத்துவம் என்றும் எண்ணப்பட்டது, வளர்ப்பின் பழக்கமாக இருந்திருக்கிறது. இதைச் சொல்லி வெள்ளைக்காரனைக் கேலிசெய்வது சுலபம். நம் ஆட்கள் அந்தத் தொப்பியை என்ன செய்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். வெயிலிலேயே பிறந்து வளர்ந்த தமிழ் உத்யோகஸ்தர்கள் அதிகாரம் கைக்கு வந்ததும் அதே தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்கள். அவர்களை அச்சுறுத்தியது சூரியன் இல்லை. தொப்பியில்லாதவனோடு தன்னைச் சேர்த்து எண்ணிவிடுவார்களோ என்பதுதான் அவர்களது அச்சம்.

3

1875இல் ரயில் மதுரை வரை வந்தது. இன்று கொடைக்கானல் ரோடு என்று அறியப்படும் அம்மையநாயக்கனூரில் இறங்கி, மாட்டுவண்டியில் பெரியகுளத்துக்கு அருகேயுள்ள கிருஷ்ணம்மா நாயக்கன் தோப்புக்குப் போய், அங்கிருந்து மலையேற வேண்டும். 1910களில் மோட்டார் ரோடு வரும்வரை இதுதான் வழி. துரைசானிகளும் குழந்தைகளும் நாற்காலியிலும் டோலியிலும் உட்கார்ந்து போனார்கள். சுமந்தவர்கள் அடிவாரத்து மனிதர்கள். மேலே இருந்த உடம்பு தொப்பி, காலுறை, பூட்ஸ் எல்லாம் அணிந்து அசையாமல் இருந்தது. கீழே உழைத்த உடம்பில் இடுப்புத் துணியும் தலைத்துண்டும். கால் வெறுங்கால்.

வெறுங்கால் என்பதை வறுமை என்று மட்டும் வாசித்துவிடக் கூடாது. ஈரப்பாறையில் பழகிய பாதம் தோல்செருப்பைவிட நன்றாகப் பிடிக்கும். பாறைத்தேன் எடுக்கக் கொடியைப் பற்றி இறங்கும் பளியருக்குக் கால்விரல்கள் இரண்டாம் கைகள். செருப்பு அங்கே உயிருக்கு ஆபத்து. பளியரிடையே 1960களின் முற்பகுதியில் தங்கி ஆராய்ந்த பீட்டர் கார்ட்னர், ஒருவர் இன்னொருவரை அதிகாரம் செய்வதையே மரியாதைக் குறைவாக அவர்கள் கருதுவதையும், குழந்தைகளும் வெகுசீக்கிரம் தம் இஷ்டப்படி தீர்மானிக்க விடப்படுவதையும் எழுதியிருக்கிறார். தொப்பியில்லாமல் வாசலைத் தாண்டாதே என்ற கட்டளையில் வளர்ந்த குழந்தையும், கட்டளையே இல்லாமல் காட்டில் வளர்ந்த குழந்தையும் ஒரே மலையில் ஒரே காலத்தில் இருந்திருக்கிறார்கள். மழையை எப்படி எதிர்கொள்வது என்று முதல் குழந்தை பெரியவர்களிடம் கேட்டது. இரண்டாவது குழந்தை மழையில் நின்று கற்றுக்கொண்டது.

ஆனால் இதை வைத்துக்கொண்டு வெறுங்காலைப் போற்றத் தொடங்கினாலும் தவறிவிடுவோம். ஓரிடத்தில் உதவும் பழக்கம் வேறிடத்தில் உடம்பைத் தின்றுவிடும். காட்டில் ஒரு குடும்பம் அலைந்து திரியும்போது வெறுங்காலால் கெடுதல் குறைவு. நூற்றுக்கணக்கான பேரைக் கழிப்பிடமில்லாத லயங்களில் அடைத்த தோட்டத்தில் அதே வெறுங்கால் வழியாகக் கொக்கிப்புழு ஏறியது. 1910களின் பிற்பகுதியில் ராக்ஃபெல்லர் நிறுவனம் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பை எடுத்துக்கொண்டபோது மருந்தையும் கழிப்பிடத்தையும் பற்றித்தான் பேச்சு. தொழிலாளி செருப்பணியாதது அவன் சுபாவம் என்று ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது. வளர்ப்பு என்ற சொல் இப்படியும் பயன்படும். செலவு வைக்கும் ஒரு விஷயத்தை, அது அவர்கள் பழக்கம் என்று சொல்லி ஒதுக்கிவிடலாம்.

விரும்பி ஏற்கும் வெறுங்காலும் இந்தப் பிரதேசத்தில் உண்டு. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்கள், காரைக்குடிப் பக்கத்திலிருந்து காவடியோடு வரும் நகரத்தார் உள்படப் பலர், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நாள்கணக்கில் தார்ரோட்டில் நடக்கிறார்கள். வருஷம் முழுவதும் செருப்பு அணிகிற பாதம் அது. கொப்புளம் அங்கே விரதத்தின் பகுதி. அணியாமலிருப்பதைத் தேர்ந்துகொள்ள ஒருவனுக்கு முதலில் அணியும் உரிமை வேண்டும். அந்த உரிமையின் கதை வேறு.

4

1921 செப்டம்பரில் மதுரை மேற்கு மாசி வீதியில் ஒரு வீட்டில் தங்கியிருந்தபோது காந்தி முழு உடையைக் களைந்து முழங்காலளவுத் துணிக்கு மாறினார். வயலில் நின்ற ஏழை உழவனின் உடை அது என்பது எல்லோரும் சொல்வது. 9 வருஷம் கழித்து, 1930 டிசம்பரில், பக்கத்து ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு 8 தடைகளை விதித்தார்கள். 1931 சென்ஸஸுக்குத் தலைமை வகித்த ஹட்டன் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் முழங்காலுக்குக் கீழ் துணி இறங்கக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போடக் கூடாது. எட்டாவது தடை, வெயிலுக்கோ மழைக்கோ குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது என்பது.

மதுரையில் ஒருவர் முழங்காலுக்கு மேல் நிறுத்திக்கொண்டது தேசமெங்கும் பேசப்பட்டது. பக்கத்து ஜில்லாவில் வேறு சிலர் முழங்காலுக்குக் கீழே இறக்கியதற்காகக் குடிசைகள் எரிந்தன. இரண்டு உடைக்கும் துணியின் அளவு ஒன்றுதான். தட்பவெப்பமும் ஒன்றுதான்.

எட்டாவது தடையை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். முந்திய தடைகளில் நகை, பூ, கிராப்பு என்று அந்தஸ்தின் அடையாளங்கள் வருகின்றன. அவற்றை மறுப்பதன் தர்க்கம் புரிகிறது. எட்டாவது அப்படியல்ல. வெயிலுக்கும் மழைக்கும் என்று காரணத்தையும் சேர்த்தே அது சொல்கிறது. குடையின் பிரயோஜனத்தைத் தடைவிதித்தவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். அந்தப் பிரயோஜனத்தையே மறுத்தார்கள். நனையாமலிருப்பது ஒரு சாதியின் சொத்தாக்கப்பட்டது. இப்படியொரு ஊரில் வளர்கிற குழந்தை, மழை வந்தால் ஒதுங்கவேண்டும் என்பதற்கு முன்னால், யார் எதிரில் குடையை மடக்கவேண்டும் என்பதைக் கற்றுக்கொள்கிறது. பிறகு குடை அதற்குத் தேவையில்லாத பொருளாகவே ஆகிவிடும். மழையில் நனைவது எங்களுக்குப் பழக்கம் என்று அதுவே சொல்லும். நாமும் எழுதிக்கொள்வோம்.

இதற்கு முன்மாதிரி தெற்கே உண்டு. திருவிதாங்கூரில் 1810களில் கிறிஸ்தவர்களான நாடார் பெண்களுக்குக் குப்பாயம் அணிய அனுமதி கிடைத்தது. அதன் பிறகு கலவரங்கள். 1859 ஜூலையில் மகாராஜா வெளியிட்ட பிரகடனம் நாடார் பெண்கள் எல்லோரும் மார்பை மறைக்கலாம் என்றது. ஆனால் மேல்சாதிப் பெண்கள் அணியும் விதத்தில் கூடாது. குப்பாயம் போடலாம், அல்லது மீனவப் பெண்களைப்போல முரட்டுத்துணியைக் கட்டிக்கொள்ளலாம். உடம்பை மறைக்க உரிமை உண்டு. எந்தத் துணியால், எப்படி என்பதில் உரிமை இல்லை.

அந்தச் சரித்திரத்தின் ஒரு கிளை கீழ்ப்பழனி மலையின் அடிவாரத்துக்கும் வருகிறது. காப்பித் தோட்டங்களும் காப்பி பதனிடும் ஆலைகளும் வைத்த பட்டிவீரன்பட்டி நாடார் குடும்பங்களில் பிறந்தவர் ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன். 1929இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர். ராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்தபோது, தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மறுக்கும் பஸ்களின் லைசென்ஸ் ரத்தாகும் என்று உத்தரவிட்டார். எட்டுத் தடைகள் வந்ததும் அதே ஜில்லாவில்தான். ஒரே ஜில்லாவில், ஒரே சில வருஷங்களில், வெட்டவெளியிலிருந்து சிலரைக் கூரைக்குள் ஏற்றும் உத்தரவும், அவர்கள் தலைக்குமேல் இருந்த குடையைப் பிடுங்கும் தடையும் எதிரெதிரே நிற்கின்றன.

5

தடை போட்டுப் பிடுங்குவது ஒரு வழி. கொடுத்துக் கணக்கெழுதுவது இன்னொரு வழி. இதைத் தோட்டங்கள் செய்தன.

மதுரை, திருச்சி, சேலம் ஜில்லாக்களிலிருந்து இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கும் பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் போனவர்களுக்கு, மலைக்குளிருக்கென்று கம்பளி கொடுக்கப்பட்டது. குறும்பாட்டு மயிரில் நெய்த முரட்டுக் கறுப்புக் கம்பளி. பகலில் தலையில் கவிழ்த்தால் மழைக்கு மறைப்பு, இரவில் படுக்கை. துரைமார் தங்கள் குறிப்புகளில் இதைத் தோட்டத்தின் கருணையாக எழுதிக்கொண்டார்கள். ஆனால் அரிசியைப்போல அதன் விலையும் தொழிலாளியின் பற்றில் ஏறியது. கங்காணியிடம் பட்ட கடன் தீராமல் தோட்டத்தைவிட்டு நகரமுடியாது. கடன்தொகையைத் துண்டுச்சீட்டில் எழுதி ஆளைத் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றும் துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதுவரை, குளிருக்குப் போர்த்திய கம்பளி போர்த்தியவனைக் கட்டும் கயிறாகவும் இருந்தது. பேகன் மயிலின் பெயரில் பற்றெழுதவில்லை.

அதே மலையில் கங்காணியின் உடை வேறு. இடுப்பில் வேட்டி, மேலே கோட்டு, தலைப்பாகை, கையில் குடை. கோட்டு துரையிடமிருந்து வந்தது, வேட்டி ஊரிலிருந்து வந்தது. இந்தக் கலவை பார்க்க வேடிக்கையாக இருந்தாலும் அவனது இடத்தைத் துல்லியமாகச் சொல்கிறது. குடை பிடிக்க ஒரு கை சும்மா இருக்கவேண்டும். கொழுந்து கிள்ளுகிறவளுக்கும் காப்பிப்பழம் பறிக்கிறவளுக்கும் இரண்டு கையும் வேலையில். எனவே குடை வேலை செய்யாதவனின் கருவி. வேலை செய்கிறவளுக்கு வேண்டியது தலையிலும் முதுகிலும் தானாக நிற்கிற ஒன்று.

அதைத்தான் கொங்காணி என்றும் கொங்காடை என்றும் சொல்கிறோம். கம்பளியிலும் போடலாம். ஆனால் கம்பளி வாங்கமுடியாதவர்கள் கையில் அது சாக்காயிற்று. சாக்கின் அடிமூலைகளில் ஒன்றை இன்னொன்றுக்குள் தள்ளினால் கூம்பு மாதிரி ஒரு குல்லாய் வரும். அதைத் தலையில் மாட்டினால் மிச்சச் சாக்கு முதுகை மூடித் தொங்கும். தையலில்லை, முடிச்சில்லை, கத்தரி வைக்கவில்லை. இரண்டு கையும் விடுதலையாகிவிடுகிறது. வேலை முடிந்தபின் உதறினால் மறுபடி சாக்கு. இதைக் கண்டுபிடித்தவரின் பெயர் எந்தச் சரித்திரத்திலும் இல்லை. முதலில் வங்காளத்துச் சணல் சாக்கு. ரசாயன உரம் பரவியபின் உள்ளே பிளாஸ்டிக் உறையிட்ட உரச்சாக்கு. சணல் நனைந்து கனக்கும், பிளாஸ்டிக் கனக்காது. ஆனால் உள்ளே வியர்த்துக் கொட்டும். இடுப்பைச் சுற்றிக் கட்டும் சாக்குக்கு இலங்கைத் தோட்டங்களில் படங்கு என்று பெயர். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி திரும்பி அனுப்பப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் கொடைக்கானல் மலைகளில் மரம் வெட்டும் வேலைக்கு வந்து சேர்ந்தார்கள். படங்கு என்ற சொல்லை நான் முதலில் கேட்டது அவர்களிடமிருந்துதான். ஒப்பந்தம் அவர்களுக்கு ஒரு தேசத்தைக் கொடுத்தது. மழைக்கு அவர்கள் பழைய சொல்லையே நம்பவேண்டியிருந்தது.

சுதந்திரத்துக்குப் பின் சட்டம் வந்தது. 1951ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 17ஆம் பிரிவு, மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் காக்கக் குடை, கம்பளி, மழைக்கோட்டு முதலியவற்றை முதலாளி கொடுக்கவேண்டுமென்று மாநில அரசு விதி செய்யலாம் என்றது. எட்டாவது தடைக்கு 21 வருஷம் கழித்து, குடை என்ற சொல் தொழிலாளியின் உரிமையாக ஒரு சட்டப் புத்தகத்தில் அச்சேறியது. இதைச் சிறிய விஷயமாக நான் நினைக்கவில்லை. ஆனால் சட்டத்துக்கு எல்லை உண்டு. ஆரம்பத்தில் 25 ஏக்கரும் 30 தொழிலாளரும் உள்ள தோட்டத்துக்குத்தான் அது பொருந்தியது. 1981 திருத்தம் அதை 5 ஹெக்டேர், 15 தொழிலாளர் என்று குறைத்தது. 2020இன் தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் பழைய சட்டத்தைத் தன்னுள் கரைத்துக்கொண்டது. கீழ்ப்பழனி மலையில் 2 ஏக்கர், 3 ஏக்கர் வைத்திருப்பவர்களிடம் அன்றாடக் கூலிக்குப் போகிறவளின் தலைக்கு இந்தச் சட்டங்களின் குடை எட்டவில்லை.

6

தருமத்துப்பட்டியிலிருந்து பன்றிமலை வழியாக ஆடலூர் ஏறும் பாதையில், காப்பிப்பழம் பறிக்கும் மாதங்களில் இதையெல்லாம் நேரில் பார்க்கலாம். கொடைக்கானலைவிடத் தாழ்ந்த மலை. காப்பி, மிளகு, ஆரஞ்சு, மலைவாழை. வடகிழக்குப் பருவமழைதான் இங்கே பெரிய மழை. காப்பி பழுப்பதும் அதையொட்டித்தான். ஆகவே பறிப்பு ஈரத்தில்தான் நடக்கும். கிளையை வளைத்தால் இலையிலிருக்கும் தண்ணீர் முழுவதும் கழுத்தில் இறங்கும். காப்பியிலும் ஆரஞ்சிலும் முசுறு எறும்பு கூடு கட்டியிருக்கும். கீழே அட்டை. அட்டைக்குப் புகையிலைத் தண்ணீரும் சோப்பும் தடவிக்கொள்வார்கள். முசுறுக்குத் தடவ ஒன்றுமில்லை, முழுக்கை மூடவேண்டும். சேலையும் ரவிக்கையும் முழங்கைக்குக் கீழே ஒன்றும் செய்யாது.

அதற்குப் பெண்கள் கண்ட வழி ஆண்களின் முழுக்கைச் சட்டை. புருஷனுடையதோ அண்ணனுடையதோ, காலர் கிழிந்த பழைய சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டி, மணிக்கட்டுவரை பொத்தான் போட்டுக்கொள்கிறார்கள். இந்த மலையில் மட்டுமல்ல; தமிழ்நாட்டில் களையெடுக்கிற, ரோடு போடுகிற, செங்கல் சுமக்கிற பெண்களில் பெரும்பகுதி இன்று இந்த உடையில்தான் இருக்கிறார்கள். எந்த ஆணையும் இயக்கமும் இல்லாமல் நடந்த மாற்றம் இது. தோள்சீலைக்கு நடந்ததுபோல இதற்குக் கலவரம் நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்பதை ஆடலூரில் ஒரு சாயங்காலம் தெரிந்துகொண்டேன். பஸ் வரும் ஓசை கேட்டதும், நின்றிருந்த ஏழெட்டுப் பெண்களும் ஒரே சமயத்தில் சட்டையைக் கழற்றிச் சுருட்டிப் பைக்குள் வைத்தார்கள். தூறல் நிற்கவில்லை, குளிரும் இருந்தது. போட்டுக்கொண்டே போகலாமே என்று கேட்டதற்கு அவர்களில் மூத்தவர் சிரித்தார்.

"ஊருக்குள்ள ஆம்பளச் சட்டையோட போனா நாலு பேரு என்ன நெனைப்பாக சார்? காட்டுக்குள்ள யாரு பாக்கப்போறா?"

காட்டுக்குள்ளும் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். மேஸ்திரி இருக்கிறார், மிளகுக் கொடியில் ஏணி வைத்து ஏறிய ஆண்கள் இருக்கிறார்கள். ஆனால் அது பார்வையில் சேராது. வேலை செய்யும் இடத்தில் உடம்பு கருவியாகிவிடுகிறது, கருவிக்கு உறைபோடுவதை யாரும் ஆட்சேபிப்பதில்லை. பஸ்ஸில் ஏறியதும் அது மறுபடி ஒரு வீட்டுப் பெண்ணின் உடம்பு. ஆகவே பிரயோஜனம் வளர்ப்பை வென்றுவிட்டது என்று இந்தச் சட்டையை வைத்துச் சொல்லமுடியாது. பஸ் நிற்கும் இடத்தில் இரண்டும் எல்லை பிரித்துக்கொண்டிருக்கின்றன. எல்லைக்கு அந்தப் பக்கம் நலன், இந்தப் பக்கம் மானம். 1859 பிரகடனமும் இப்படி ஓர் எல்லையைத்தான் வகுத்தது. அதை மகாராஜா வகுத்தார். இதை வகுத்தவர் யார் என்று சுட்டமுடியவில்லை. அதனால் எதிர்ப்பதும் கடினம்.

அந்தப் பெண்களின் மகள்கள் பலர் சமவெளிக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். லீவில் வரும்போது தாயின் சாக்கைத் தலையில் மாட்டமாட்டார்கள். மடக்குக் குடை கொண்டுவருகிறார்கள். சிலரிடம் மழைக்கோட்டும் உண்டு. சாக்கை அவர்கள் மறுப்பது அது ஒழுகும் என்பதால் அல்ல. சாக்கு போட்டவர்களை எப்படிக் கூப்பிட்டார்கள் என்பது அவர்கள் காதில் விழுந்திருக்கிறது. இதைப் படித்தவர்களின் பகட்டு என்று வருத்தப்பட்டு எழுதுகிறவர்கள் எட்டாவது தடையை ஒருமுறை படிக்கவேண்டும். நூறு வருஷத்துக்கு முன் சில குடும்பங்களுக்கு மறுக்கப்பட்ட பொருள் அந்த மடக்குக் குடை. காப்பி பறிக்க அது உதவாது என்பது உண்மைதான். அவர்கள் அதைக் காப்பி பறிக்கக் கொண்டுவரவில்லை.

இதே பாதையில் சனி ஞாயிறுகளில் நகரத்திலிருந்து வருகிறவர்கள் மழைக்கோட்டு, கணுக்கால் பூட்ஸ், தண்ணீர் ஒட்டாத கால்சட்டை என்று முழுதாகத் தயாராகி, 2 மணி நேரம் நடந்துவிட்டுத் திரும்புகிறார்கள். அவர்கள் உடை நல்ல உடைதான். அது தோட்டத்துக்குள் 8 மணி நேரம் நனைகிறவர்களுக்கு இன்னும் நன்றாக உதவும்.

தொப்பிகள் காட்சிசாலைகளில் இருக்கின்றன. டோலியும் நாற்காலியும் புகைப்படங்களில் இருக்கின்றன. கொங்காணியை எந்தக் காட்சிசாலையிலும் நான் பார்த்ததில்லை. வைத்திருக்கவும் முடியாது. மழைக்காலம் முடிந்ததும் அந்தச் சாக்கு கன்றுக்குட்டியின் முதுகுக்குப் போகிறது. பிறகு வாசலில் கால்மிதியாகக் கிடக்கிறது. சணலாக இருந்தால் கடைசியில் ஏதாவது ஒரு காப்பிச் செடியின் அடியில் மக்கிப்போகிறது. அடுத்த மழைக்கு வேறு சாக்கு.